மார்ச் மாதத்து மலை

எங்கள் தோட்டத்தில் சிக்னல் என்பது
கோயில் வளைவில் ஒரே ஒரு கோடு,
அதுவும் மூட்டம் இல்லாத நாளில்.
ஆகவே நான் இறக்கிவைப்பேன்.

மஸ்கெலியா டவுனில் போட்டோக்கொப்பிக் கடை எனக்கு.
நடுச்சாமத்து டேட்டா மலிவு.
ஷட்டரை இழுத்துவிட்டு உட்கார்ந்தால்
கேத்தல் கொதிக்கும், பச்சைக் கோடு நகரும்,
முப்பத்தொரு வீதம்,
முப்பத்திரண்டு.

சாதாரண தர வினாத்தாள், பதினோரு வருடத்தது.
அட்டை கடித்த புண் பழுத்தால் என்ன கட்டுவது.
கலைக்களஞ்சியம் ஒன்று, முழுசாக:
அதில் பெங்குவினுக்கு எட்டுப் பக்கம்,
எங்கள் தோட்டத்துக்கு ஒரு வரி இல்லை.
பிறப்புச் சான்றிதழ்கள் இருநூற்றுச் சொச்சம்,
கொப்பி எடுக்க வந்தவர்களிடம் கேட்டு
ஸ்கேன் செய்தவை.
ஒரு கடுதாசி இல்லாததால் கப்பலேறியவர்களின்
மிச்சம் நாங்கள்;
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு அந்தச் செய்மதிப் படம்.
மார்ச் மாதத்து வெயில் நாளொன்று.
மேக்கணக்கு, பணியக்கணக்கு,
லயங்கள் தகரம் தகரமாய்த் தெரியும்.

"ஒலகத்தையே பிஸ்கட் டின்னுக்குள்ள போட்டு
மூடப் பாக்குற" என்பார்
என் வீட்டுக்காரர் அருள்நேசன்.
டின்தான். கிறீம் கிறேக்கர் டின்.
ஹார்ட் டிஸ்க்குக்கு அளவெடுத்தது போலிருக்கும்.

கார்த்திகையில் பதினொரு நாள் மழை.
பன்னிரண்டாம் நாள் விடியுமுன்
மேக்கணக்கு மலை இறங்கியது.
டவர் விழுந்தது, கரண்ட் போனது,
ஹட்டன் ரோட்டில் மூன்று இடத்தில்
ரோடே இல்லை.
எல்லார் கையிலும் போன்;
எல்லாம் வெறும் டோர்ச் லைட்.

வினாத்தாளை எவரும் கேட்கவில்லை.
பெங்குவினையும்.
தொடைவரை சேறோடு வந்தவன் திலகேஸ்வரன்.
"அக்கா, லயம் எங்கனு தெரியல.
லயம் இருந்த எடத்துல
மேல நின்ன சவுக்குமரம் நிக்குது."

லேப்டொப்பில் நாற்பத்தாறு வீதம் சார்ஜ்.
படம் திறந்தது.
பழைய படம். பிழையான படம்.
இல்லாத மலையைக் காட்டும் படம்.
அதுதான் வேண்டியிருந்தது.

மண் நகர்ந்திருந்தது. பீலி நகரவில்லை,
கருங்கல்லில் கட்டிய பீலி.
பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பமும் நகரவில்லை.
அடிமட்டத்தை ஸ்கிரீன்மேல் வைத்து அளந்தேன்:
பீலியிலிருந்து நூற்றுப்பத்து அடி,
கம்பத்தைப் பார்த்தபடி.
அங்கே தொடங்கும் முதல் காம்பரா.
தாள் நனையும் என்று
அவன் உள்ளங்கையில் எழுதினேன்.
கையும் நனையுமே.
நூற்றுப்பத்து, கம்பம், நூற்றுப்பத்து, கம்பம் என்று
வாயால் சொல்லிக்கொண்டே
இரண்டு மைல் ஏற்றம் ஓடினான்.

மூன்று பேரை உயிரோடு எடுத்தார்கள்.
ஏழு பேரை எடுத்தார்கள்.

அடுத்த நாளும் ஆட்கள் வந்தார்கள்,
படத்தைப் பார்க்கத்தான்.
"அந்தா, அது எங்க வீட்டுத் தகரம்."
பதினாறு வீதம்.
"கொடியில காயிறது எம் மகளோட சட்டை"
என்றாள் ஞானசௌந்தரி.
செய்மதிக்குச் சட்டை தெரியாது.
அது ஒரு வெள்ளைப் புள்ளி.
நான் அதைச் சொல்லவில்லை, பெரிதாக்கினேன்.
பெரிதாக்கப் பெரிதாக்க
சதுரம் சதுரமாய் உடைந்தது.
அவள் கண்ணை எடுக்கவில்லை.
ஒன்பது.
எட்டு.
நானும் மூடவில்லை.

தையில் லைன் வந்தது.
புதிய படம் இருக்கிறது,
பழையதன் மேல் எழுதவா என்று கேட்டது.
இல்லை என்பதை அழுத்தினேன்,
இரண்டு தரம்.

ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பிரதி என்றால்
அது ஒரு பிரதிதான்.
ஆகவே இன்னொரு டிஸ்க், இன்னொரு டின்,
பதுளையில் நாத்தனார் வீட்டு அலுமாரிக்கு.
பொலித்தீனால் மூன்று சுற்றுச் சுற்றி
பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனது
அருள்நேசன்தான்.
போகுமுன் மார்க்கர் கேட்டு வாங்கி
மூடிமேல் பெரிதாக எழுதினார்:
உள்ளே பிஸ்கட் இல்லை.